மின்விசிறி மட்டும் சரியாகச் சுற்றியது

ஒழுங்கான மனிதன் பழைய வண்டி வாங்கக் கூடாது. அது வண்டிக்கும் நல்லதில்லை.

என் சட்டைகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும். சமையலறை டப்பாக்களில் நான் எழுதி ஒட்டிய பெயர்கள் இருக்கும் (மனைவி படிப்பதில்லை, திறந்து முகர்ந்து பார்த்துக்கொள்கிறாள்). இப்படிப்பட்ட நான் ஓர் அரதப்பழசான டீசல் வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாம் வைத்தேன். ஊர் ஊராகப் போய் அதிலேயே தங்குவது திட்டம். வயரிங்கும் நானே செய்தேன். ஒவ்வொரு வயருக்கும் காகிதத்தில் பெயர் எழுதிக் கட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினேன். பார்க்க அவ்வளவு அழகு. (வேலை செய்யுமா என்பது வேறு விஷயம்.)

முதல் பயணம் தஞ்சாவூரிலிருந்து குடவாசலுக்கு. தங்கை கலாவுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பையனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் என்னிடம்தான் இருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஊரைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. பின்னால் சீர்த்தட்டுகளோடு உட்கார்ந்திருந்த மனைவி சுமதி கேட்டாள்:

“என்னங்க, இந்த ஃபேன் காத்தைக் குடுக்குதா, வாங்குதா?”

மின்விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சுமதியின் தம்பி செல்வமும் கூட வந்திருந்தான். ஒரத்தநாட்டுப் பக்கம் போர்செட் வைத்து விவசாயம் பார்ப்பவன். வயல் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், வருகிற மூன்று வயர்களில் இரண்டை மாற்றிக் கொடுப்பார்கள்; சரியாகிவிடும். டெல்டாவில் இது எல்லாருக்கும் தெரியும்.

“வண்டிய ஓரங்கட்டுங்க அத்தான். ரெண்டு வயர மாத்திக் குடுத்தா முடிஞ்சுது.”

“ஃபேன் வயர் கட்டுக்குள்ள இருக்கேடா.”

“அதை எவன் பிரிக்கிறது? மோட்டார் கொட்டகையில மாத்துற மாதிரி மெயின்லயே மாத்திடுவோம்.”

மெயின் என்று அவன் சொன்னது பேட்டரியை. நான் தலையாட்டினேன். என் அழகான கட்டு பிரிபடாமல் தப்பியதே என்று சந்தோஷம் வேறு!

பேட்டரியின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி வைத்தான். குபுகுபுவென்று புகை வந்தது. செல்வம் அலறிக் குதித்ததில் கையிலிருந்த ஸ்பேனர் வாய்க்காலுக்குள் போனது. கட்டுக்குள் வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஹாரன் அடிக்கத் தொடங்கியது.

நிற்கவே இல்லை. ஸ்பேனர் இல்லாமல் பேட்டரியைக் கழற்ற முடியவில்லை. ஹாரன் வயரை அறுத்துவிடலாம் என்றால், என் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் கருகியிருந்தன.

“அத்தான், ஃபேன் மட்டும் சரியாச் சுத்துது பாருங்க” என்றான் செல்வம்.

நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் வயலிலிருந்து ஏறி வந்து வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். உதவி என்று சொல்ல முடியாது. சத்தம் வேறு ஊருக்குப் போனால் போதும் என்ற ஆத்திரம்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடிய கேட்டின் முன்னால், இன்ஜினை நிறுத்தப் பயந்து, ஹாரன் அலற உட்கார்ந்திருந்தேன்.

“யோவ், நீ அடிச்சா ரயிலு ஒதுங்கி வழி விட்டுருமா?” என்றார் லாரிக்காரர்.

“நான் அடிக்கலைங்க, அதுவா அடிக்குது.”

“அதுவாவா? வண்டிக்கு சாமி வந்துருக்கா?”

திரும்பிப் பார்த்தேன். சுமதி இறங்கிப் போய், கொய்யாப்பழம் விற்பவரிடம் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவள்போல் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

தங்கை போன் செய்தாள். “எங்கண்ணே இருக்கீங்க?”

“நீடாமங்கலம் கேட்டுல.”

“கேட்டுல நின்னுக்கிட்டு ஏண்ணே ஹாரன் அடிக்கிறீங்க?”

கேட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்காமல் போய்க்கொண்டிருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சன்னியாசம் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். (தோடு பையில் இருந்ததால் போகவில்லை.)

கேட் திறந்தபின் எல்லா வண்டிகளும் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டன. நல்ல நேரம் முடிவதற்குள் குடவாசல் போய்விட்டோம். ஆனால் எங்களுக்கு வெகு முன்பே ஹாரன் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பயத்தில் அழுதுகொண்டிருந்த பையன், அந்தச் சத்தத்திலிருந்து நான் இறங்கி வருவதைப் பார்த்தான். வீறிட்டான். மடியில் உட்கார வைத்தால் நழுவி ஓடினான். தேங்காய், மிட்டாய், பொம்மை எதற்கும் மசியவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

“நேரம் போவுதுங்க. யாருகிட்ட உக்காருதோ அவங்க மடியில வைங்க” என்றார் ஐயர்.

பையன் ஓடிப்போய் ஏறிக்கொண்டது செல்வத்தின் மடியில்.

காது குத்தியாயிற்று. புகைப்படத்தில் தாய்மாமன் இடத்தில் அவன் சிரிக்கிறான். ஓரத்தில் சீர்த்தட்டோடு தெரியும் பாதி முழங்கை என்னுடையது.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் பஸ்ஸில் போய் இறங்கி, சத்தமில்லாமல் வாசலில் நின்றாலும், என்னைப் பார்த்ததும் தோட்டோடு சேர்த்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டுதான் சொல்கிறான்: “வாங்க மாமா!”

அப்பா, அம்மா, பாட்டி என்று வீட்டில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு வரிசையாக வந்து என்னை வரவேற்கிறார்கள்.