சின்னவருக்கு ஒரு தீர்மானம்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பேருந்துக்கு நன்றியுரை நிகழ்த்திய ஒரே மனிதர் எங்கள் 'நன்றியுரை' அண்ணைதான். ஊரில் சனசமூக நிலையத்தின் நிரந்தரச் செயலாளர். கூட்டம் கூட்டாமல் அவரால் ஒரு முட்டைகூடப் பொரிக்க முடியாது. தொண்ணூறுகளில் அந்நகரின் கால்சாப் பகுதியில் ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம்: அவர், மன்னார் மரியதாஸ், நான். மூவரும் லிபெர்த்தாப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் தரை துடைத்தோம். நான் மட்டும் 'நிர்வாகத்தில் இருக்கிறேன்' என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, முயல் இறைச்சி வாங்கிவர அவரைப் பல்லரோச் சந்தைக்கு அனுப்பினோம். உயிரோடு ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். என் சப்பாத்துக்குள் படுத்தால் இன்னும் இடம் மிஞ்சும்.

"அண்ணை, இதில எங்கை இறைச்சி?"

"இண்டைக்கு நேரம் போச்சு. நாளைக்கு வெள்ளி, சைவம். உயிரோட இருந்தால் சனி வரைக்கும் பழுதாகாதடா."

சனிக்கிழமை கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாள் விரதம். இருப்பது ஒரே சட்டி என்பதால் கத்தோலிக்கனான மரியதாஸும் பல்லைக் கடித்துக்கொண்டு முருகனுக்கு விரதம் காத்தான். விரதம் முடிய மறுபடியும் வெள்ளி. அதற்கடுத்த நாள் நான் கத்தியோடு போனபோது, அது அண்ணையின் விரலை நக்கிக்கொண்டிருந்தது. 'சின்னவர்' என்று பெயரும் விழுந்துவிட்டது. 'அவர்', 'இவர்' என்று சொல்லத் தொடங்கிய ஒன்றை எப்படிக் கறி வைப்பது?

மாசி மாதமளவில் சின்னவருக்கு இளமை வந்தது. உடம்புதான் வரவில்லை. எங்கள் கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்; கடித்தார்; மரியதாஸின் பூசைச் சட்டையில் குறிபார்த்துப் பீச்சினார்.

"அண்ணை, ஒண்டில் ஆளுக்கு நலமடியுங்கோ, இல்லாட்டி பல்லரோவில குடுங்கோ. கோயிலில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் முழங்கால் போடீனமில்லை!"

பல்லரோவில் கொடுப்பதென்றால் சட்டிக்குக் கொடுப்பது. ஆகவே காயடிப்பதைப் பற்றி விசாரிக்க ஒரு மிருக வைத்தியர் அம்மாவிடம் போனோம். "இந்த ஊரில் முயலைப் பற்றி என்னிடம் கேட்பது கறிக்கு ஒலிவ் போடுவதா, தக்காளி போடுவதா என்பதைத்தான்" என்று சிரித்தவர், சின்னவரைக் கையில் எடுத்ததும் சிரிப்பை நிறுத்தினார். இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று சொல்ல முடியாதாம். நிறை கூடட்டும், பார்க்கலாம் என்றார். மொழிபெயர்ப்பாளன் நான். அண்ணை என்னைக் கவனிக்காமல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். என் இத்தாலியனுக்கு அதுதான் பாதுகாப்பும்.

அன்றிரவே கூட்டம். தலைவராக அண்ணை கட்டிலில், சபையோர் தரையில், சின்னவர் கட்டிலுக்குக் கீழே.

"செய்தால் எழும்புவாரோ தெரியாது. செய்யாட்டி இப்பிடியே தவிச்சுக்கொண்டு திரிவார்" என்றார் அண்ணை. "அவரிட்டை ஆர் கேக்கிறது?"

"குவெஸ்தூராப் பொலிசில வரிசையில விட்டுப் பாப்பமோ? வதிவிட அனுமதியும் எடுத்த மாதிரி" என்றேன். மரியதாஸ் மட்டும் சிரித்தான்.

"எங்கடை சட்டைக்காக அவரை மேசையில கிடத்தேலாது, தம்பி. அவருக்கு நல்லதெண்டால் மட்டும்தான்."

தீர்மானம் பின்போடப்பட்டது. அதுவரைக்கும் மரியதாஸின் சட்டைகளைத் தானே தோய்த்து, ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தார் அண்ணை. சந்தையில் எறியும் கீரைத் தண்டுகளைப் பொறுக்கிவந்து சின்னவருக்கு ஊட்டினார். ஞாயிறு தோறும் மீன்காரனின் தராசில் நிறுத்தார். "இந்த மீன் கிலோ எவ்வளவு?" என்று ஒரு கிழவி கேட்டபோது, சின்னவரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டார்.

சித்திரையில் மறுபடி போனோம். "இவன் இனி வளரமாட்டான். இவனுடைய அளவே இதுதான்" என்றார் வைத்தியர். உடம்பு தேறியதால் மயக்க மருந்தின் ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை, முடிவு உங்களுடையது என்றார்.

காத்திருந்தால் காலம் தீர்மானித்துவிடும் என்று நம்பியிருந்தோம். காலம் அதை எங்கள் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டது. அந்த வாரம் சின்னவர் தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கத் தொடங்கியிருந்தார். வெறுந்தோல் தெரிந்த அந்த இடத்தை அண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளனை நம்பாமல், தானே "சீ" என்றார். இத்தாலியனில் 'ஓம்' என்பதற்கு அவ்வளவு சின்னச் சொல்தான். அதைச் சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

சின்னவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அவரைச் சிரிக்கவைக்க நான் ஊர் உலகத்துப் பகிடியெல்லாம் விட்டேன். "கொஞ்சம் சும்மா இரடா" என்று என் கையைப் பிடித்தார். கதவு திறக்கும்வரை விடவில்லை. 

சின்னவர் எழும்பினார். ஒரு காது மடங்கியிருந்தது. சாப்பிட்டால்தான் தப்பினான் என்றார் வைத்தியர். வீட்டில் ஒரு கீரை இலையை நீட்டியபடி அண்ணை தரையில் படுத்துக்கிடந்தார். பொழுது சாயும் நேரம் அந்த இலை மெல்ல அசைந்தது. மரியதாஸ்தான் முதலில் அழுதான்.

எனக்கும் இப்போது வயதாகிறது. என்றைக்காவது என்னை மயக்கி மேசையில் கிடத்துவார்கள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே அண்ணை நிற்கவேண்டும்.