ஏலக்காரம்மாவின் மூச்சு

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பணி பார்த்தேன். காரணமில்லாமல் மாற்றல் செய்திருக்கிறார்கள், காரணம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறார்கள், ஒருமுறை காலமானவர்கள் பட்டியலில்கூடச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் விடிந்த வெளிச்சத்தில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், நடைப்பயிற்சிக்கு வந்த அத்தனை பேர் பார்க்க என்னை ஏலம் விட்ட ஒரே மனிதப்பிறவி ஏலக்காரம்மாதான்.

"கருவாடு. நல்லா காஞ்ச கருவாடு. முள்ளு ஜாஸ்தி, சதை கம்மி. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெரிய அம்மாள், தூக்கிச் செருகிய புடவையும் வெறுங்காலுமாக நடந்து வந்துகொண்டிருந்தார். சுற்றுமுற்றும் கருவாடு எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

"என்னம்மா இது?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க சார். மூச்சு எம்மாம் தூரம் வருதுன்னு பாக்குறேன். கண்ணுல படறத ஏலம் வுட்டாத்தான் எனக்கு வாய் வரும்."

அடுத்த அதிர்ச்சி அவர் கழுத்தில் தொங்கியது. தாலியோடு தாலியாக, மஞ்சள் கயிற்றில் நீல நிற இழுப்பு மருந்துக் குப்பி. எங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ள என் மைத்துனன் அதைக் கைக்குட்டையில் சுற்றி, திருட்டுப் பொருள் போலக் கழிவறைக்குக் கொண்டுபோய் இழுப்பான். இந்த அம்மாள் மங்கலப் பொருளாக்கி வைத்திருந்தார்.

"தாலியோட சேர்த்தா கட்டுவாங்க?"

"கட்டுனவரு கடலுக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. அவசரத்துக்கு இதுதான சார் வருது."

அவரோடு சேர்ந்து நடந்தேன்.

கதை போகப் போகத் தெரிந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்ததும் கூடை கூடையாக மீனை ஏலம் விடுபவர் அவர். கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் ஒரே மூச்சில் மூன்று தரமும் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் வியாபாரிகள் ஏலத்தைக் கலைத்துவிடுவார்கள். போன பருவத்தின் கடைசியில் ஒருநாள் "ரெண்டு தரம்" என்றதோடு இழுப்பு வந்து நின்றுவிட்டார். மூன்றாம் தரத்தைச் சொல்லி முடித்தவர் அவருடைய நாத்தனார். அன்றிலிருந்து ஏலம் நாத்தனார் வாயில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும்போது யார் குரல் நிலைக்கிறதோ அவருக்குத்தான் அந்த இடம். இருப்பது இரண்டு மாதம். எடை குறைந்தால் மூச்சு கொஞ்சம் இலேசாகும், மெதுவாக நடந்து பழகுங்கள் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

எந்த வேலைக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்புகிறவன் நான். மறுநாள் கையேடு ஒன்றைப் படித்து, நாலு பத்தியில் குறிப்பெழுதி எடுத்துப்போனேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், வாக்கியம் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது முதல் பத்தி. படித்துக் காட்டினேன்.

"அதத்தான சார் நான் ஏலத்துல பண்றேன்?" என்றார்.

குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நகராட்சிக் கட்டடத்தை ஊரார் இன்னும் பிரெஞ்சுக்காலப் பெயரில் மேரி என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து காந்தி சிலை வரை ஏலம் நடக்கும். எங்கள் பழைய மேலதிகாரி ஒருவர், என் கோப்புகளைப் பன்னிரண்டு முறை திருப்பி அனுப்பியவர், வெள்ளை அரைக்கால் சட்டையில் எதிரே வந்தார். "கெளுத்தி. மீசை பெருசு, கொழம்புக்கு ஆவாது. ஒரு தரம்." நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் நான் சொல்ல நினைத்ததை ஏலக்காரம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வாரம் ஏலக்காரம்மா திடீரென்று மெலிந்து வந்தார். முகத்தில் பெருமை. ஆனால் மேரியைத் தாண்டுமுன் "ரெண்டு தரம்" என்றதும் நின்றார். மறுநாளும் அப்படியே. நீலக் குப்பியை எடுத்து இழுத்தார். அரை மணியில் மறுபடி இழுத்தார்.

"காலையும் ராத்திரியும் இழுக்கிற இன்னொண்ணு இருக்குமே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அத வுட்டுட்டேன் சார். பத்து நாளாச்சு. அதுதான் ஒடம்ப ஊத வெக்குதாம். நாத்தனா சொன்னா. ராத்திரி சோத்தயும் வுட்டுட்டேன். பாருங்க, எப்புடி கொறஞ்சிருக்கேன்."

மருந்தை நிறுத்தி எடை குறைப்பது, வீட்டுக் கூரையைப் பிரித்து அடுப்பெரிப்பது மாதிரி. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காந்தி சிலை அருகே அவர் உட்கார்ந்துவிட்டார். தோள் ஏறி இறங்கியது. நீல மருந்தை இழுத்தும் பேச்சு வரவில்லை. ஊரையே ஏலம் விட்ட வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரல் எழவில்லை.

ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுக்கு ஓடினோம். அங்கே என் நடைமுறை அறிவைக் காட்டினேன். வெளிநோயாளிச் சீட்டு வரிசையில் முறைப்படி நின்று, பெயர், வயது, ஊர் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முக்கால் மணி கழித்துச் சீட்டோடு திரும்பினால், ஆட்டோக்காரர் அவரை நேராக அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார், ஆவி பிடிக்கும் முகமூடியும் போட்டாயிற்று.

"நீங்க யாரு சார்?" என்றார் செவிலியர்.

"சீட்டு வாங்கியவன்" என்றேன்.

டாக்டர் இளம்பெண். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "இழுக்கற மருந்து நெஞ்சுக்குள்ள போற கொஞ்சூண்டு மருந்தும்மா. அதால இப்படியெல்லாம் ஊதாது. எடைய கொறைங்க, மருந்த கொறைக்காதீங்க. பொரிச்ச மீன வுடுங்க, ராத்திரி சோத்த பாதியா பண்ணுங்க, பட்டினி வேணாம். நீல மருந்து அடிக்கடி தேவைப்பட்டா நடக்காதீங்க, இங்க வாங்க."

"மீன வுடறதா?" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. அன்று முதன்முறையாக எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி நடை. இந்தத் தடவை ஏலத்துக்கே ஒழுங்கு வந்திருந்தது. முதல் பத்து நிமிடம் பொடி இறாலான சென்னாக்குன்னி, அதாவது முணுமுணுப்பு. நடுவில் வஞ்சரம், முழுக்குரல். கடைசியில் மறுபடி சென்னாக்குன்னி, வேகத்தைக் குறைத்து நிற்க. என் குறிப்பின் மூன்றாம் பத்தியும் அதையே சொல்லியிருந்தது. மறுநாள் குறிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

தடைக்காலம் முடிவதற்கு முந்தின வாரம் எடை பார்த்தோம். நாலு கிலோ குறைந்திருந்தது.

"நாலுதானா?" என்றேன்.

"நல்ல வஞ்சரம் ஒண்ணு சார். அத தூக்கினு தெனம் நடந்து பாருங்க, தெரியும்."

படகுகள் திரும்பிய முதல் நாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துறைக்குப் போனேன். கூட்டத்துக்கு நடுவே ஏலக்காரம்மா. எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நாத்தனார். கூடை நிறையச் சங்கரா. விலை ஏறி ஏறி நின்றது. ஏலக்காரம்மா மஞ்சள் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டு தொடங்கினார்.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

நாத்தனார் வாயைத் திறந்தார்.

"மூணு தரம்."

துறை முழுக்கக் கேட்டது. நாத்தனார் திறந்த வாயை மூடிக்கொண்டு, கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். ஏலக்காரம்மா கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கருவாட்டு சார், மூச்ச வுடுங்க. முடிஞ்சிடுச்சி."

அதுவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

இப்போது அவருக்கு விடியற்காலையில் துறையில் வேலை. நடை சாயங்காலம், அவர் குப்பத்துப் பக்கம். நான் கடற்கரைச் சாலையில் தனியாகத்தான் போகிறேன். மரியாதையான நடை, யாரும் வம்புக்கு வருவதில்லை. காந்தி சிலை நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகிறேன், பின்னாலிருந்து யாராவது ஒரு தரம் என்று சொல்லமாட்டார்களா என்று. யாரும் சொல்வதில்லை. விலைபோகாமலே வீடு திரும்புகிறேன்.