நிதானஸ்தரின் நடைப் பரீட்சை

நம் ஊர்ப்பக்கம் நிதானஸ்தர் என்றோர் இனம் உண்டு. குடிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்த பிறகுதான் இவருக்கு நிதானத்தைப் பற்றிய பேச்சே வரும்.

செக்காலையில் மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுக்கும் நாகேந்திரனைப் பாருங்கள். வயது இருபத்தேழு. அலமாரி அடிக்கும்போது தன் கண்ணை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற ஆள். அன்று வலையபட்டியில் நண்பன் கல்யாணம். மதியச் சாப்பாட்டுக்கு முன் மாடி அறையில் ‘ரெண்டே ரெண்டு’ பீர். அது எப்போது நான்கானது என்பது பாட்டில்களுக்குத்தான் தெரியும்.

கூட்டாளி காளிதாஸ் ஆறு அடித்துவிட்டுச் சிவகங்கை வரை கார் ஓட்டவில்லையா, போன வருஷம் தானும் இதைவிட அதிகமாகக் குடித்துவிட்டுக் கொட்டும் மழையில் வீடு வரவில்லையா, உள்ளே கொஞ்சம் போனால்தானே கை இன்னும் கவனமாக ஓட்டுகிறது என்று அவரிடம் ஆதாரம் அடுக்கடுக்காக இருக்கும். இதுவரை சாகவில்லை. அதுதான் அவருடைய லைசென்ஸ்.

கீழே மனைவி அகல்யா ஏழு மாதக் குழந்தையோடு நின்றாள்.

“குடிச்சிருக்கீகளா?”

“நான் ஸ்டெடி. வாசல் வரைக்கும் நேரா நடந்து காட்டவா?”

கூடத்துத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஓரமாக ஓடிய சிவப்புப் பட்டைமேல் அடி பிசகாமல் நடந்தார். பட்டை மூலையில் திரும்பியது. அவரும் திரும்பினார்.

“மாப்ள, ரூல் தடி வெச்ச மாதிரி போற!” என்று கைதட்டினான் காளிதாஸ். நடுவரும் அதே மாடி அறையிலிருந்து இறங்கி வந்தவர்தான்.

“வாசலுக்குன்னு கெளம்புனீக. இப்ப அடுப்படிகிட்ட நிக்கிறீக,” என்றாள் அகல்யா. “அலமாரிக்கு மட்டும் ரசமட்டம் வெக்கிறீக. எம்புள்ளைக்கு இந்தக் கல்லு போதுமாக்கும்?”

குழந்தையின் தலைக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவள் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கார் சாவியைக் கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடலாமா என்றுகூட நாகேந்திரனுக்குத் தோன்றியது. காளிதாஸ் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், சாவி பூட்டுக்குள் போயிற்று.

ஆனால் காலி சீட்டோடு போனால் தோற்ற மாதிரி ஆகிவிடாதா? அதனால் பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்த உங்கள் பக்கத்தில் காரை நிறுத்துகிறார்.

“செக்காலைக்கா அண்ணே? ஏறுங்க, அங்குட்டுத்தான் போறேன்.”

பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். காரில் ஏசி ஓடுகிறது. வாடை உங்களுக்கும் தெரிகிறது. நீங்கள்தான் தொட்டதே கிடையாதே, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு ஏன் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, “பாத்து, மெதுவாப் போங்க தம்பி” என்கிறீர்கள், நிதானஸ்தரே?