ஆயம்மாவின் ரெத்ரேத்

எட்டு மணி ஆகியும் காபி வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முருகையன் இருமிப் பார்த்தார். செய்தித்தாளைச் சடசடவென்று மடித்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து உள்ளே போனார்.

அடுப்பு கழுவித் துடைத்து, கடையில் விற்பனைக்கு வைத்த மாதிரி இருந்தது. ஆயம்மா ஃபேனுக்கு நேர் கீழே, கஞ்சி போட்ட புடவையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

"எதுலேர்ந்து?"

"அடுப்புலேர்ந்து."

முருகையன் சிரித்தார். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நகைச்சுவை உணர்ச்சி இன்னும் முழுதாக வற்றிவிடவில்லை. ஆயம்மா சிரிக்காததைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நம்ம தெருவுல ஒரு ஆராய்ச்சி நடக்குது. வயசான காலத்துக்கு யாரு இன்னா சேத்து வெச்சிருக்காங்கன்னு சர்வே. அதுல ஒரு கேள்வி வருது. இந்த வூட்ல யார் யார் எப்போ ரிட்டயர் ஆவப்போறீங்க? உனக்குத் தேதி இருந்துச்சு. எனக்கு யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, சுடுகாட்டுக்குப் போற தேதிதான் வந்துது. அதான் நானே ஒரு தேதி வெச்சிக்கினேன்."

"எப்போ?"

"நேத்து ராத்திரி. பாத்திரம் கழுவி முடிச்சதும்."

எவளோ ஒரு படித்த பெண் வீடு வீடாக வந்து கேள்வி கேட்டுக் குடும்பத்தைக் குலைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று முருகையனுக்குப் புரிந்தது. பற்களைக் கடித்தார். ஆயம்மா அதைக் கண்டுகொள்ளாமல் போனைக் கையில் எடுத்தாள்.

"உன்னையும் கேக்கணுமாம். பதில் சொல்லு. பேங்க்ல நூறு ரூபா போடற. வட்டி அஞ்சு. விலைவாசி ஏழு ஏறுது. ஒரு வருசம் கழிச்சு அந்தப் பணத்துல இப்போ வாங்கறதவிட அதிகமா வாங்குவியா, கம்மியா வாங்குவியா?"

"அதிகமா. நூறு நூத்தஞ்சு ஆயிடுச்சே!"

"இருக்கற பணத்த ஒரே எடத்துல போடறது நல்லதா, பிரிச்சுப் போடறது நல்லதா?"

"ஒரே எடத்துல. அப்பதான் எங்க போட்டோம்னு மறக்காது."

ஆயம்மா போனில் என்னவோ தட்டினாள். முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது.

அந்த 'ஒரே எடம்' கனகசெட்டிக்குளத்தில் இருந்தது. முருகையனுக்கு வந்திருந்த பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு அங்கே கடலைப் பார்த்த மனை ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பது அவருக்கும் அவருடைய நண்பர் சின்னக்கண்ணுவுக்கும் நடுவே முடிந்துபோன பேச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டும். ஆயம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். "எல்லைக்கல் எங்கய்யா?" என்று அவள் கேட்டதற்கு, "அலை கொஞ்சம் உள்ள போவட்டும்மா, தெரியும்" என்றான் புரோக்கர். அன்றிலிருந்து அவள் அந்த மனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். முருகையன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி, ரிட்டயர் ஆயிட்ட. நல்லா உக்காரு. ஒரு காபிய மட்டும் போட்டுக் குடுத்துட்டு உக்காரு."

"அது இருக்கட்டும். எனக்கு ரெத்ரேத் எங்க?"

அது எதிர்வீட்டுச் சொல். எதிர்வீட்டு மதாமின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர். மாதாமாதம் மதாமுக்கு யூரோவில் வரும் பென்ஷனைத் தெருவே ரெத்ரேத் என்றுதான் சொல்லும்; சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடும்.

"பிரெஞ்சுல, வேலைய வுட்டு உக்கார்றதும் ரெத்ரேத்துதானாம், மாசாமாசம் வர்ற காசும் ரெத்ரேத்துதானாம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. மதாம் சொன்னாங்க. நான் உக்காந்துட்டேன். காசு எங்க?"

"தமிழ்ல அப்படி இல்லமே!"

"அப்போ நான் பிரெஞ்சுலயே ரிட்டயர் ஆயிக்கறேன்."

முருகையன் ஓட்டலில் சாப்பிட்டுச் சமாளித்தார். மூன்றாம் நாள் வயிறு கைவிட்டது. ஒரு சமையல்காரரை வைத்துவிட்டால் இவள் கொட்டம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, கல்யாண வீடுகளில் கரண்டி பிடிக்கும் மண்ணாங்கட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேருக்குத்தானே? ஒம்போதாயிரம் குடுங்க. ஞாயித்துக்கிழமை லீவு" என்றார் மண்ணாங்கட்டி.

"ரெண்டு பேருக்கு ஒம்போதாயிரமா? ஆறுக்கு முடிச்சுக்கப்பா."

கூடத்திலிருந்து ஆயம்மாவின் குரல் வந்தது. "கொறைக்காதண்ணே! என் கணக்கு இடிக்கும்!"

"எந்தக் கணக்கு?"

"என் வேலைக்கு மார்க்கெட் ரேட்டு இன்னான்னு தெரியாம இருந்தேன். இப்போ நீயே ஆள் கூட்டியாந்து சொல்ல வெச்சிட்ட. சமையலுக்கே ஒம்போதாயிரம். துணி, பாத்திரம், உங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்போ பாத்தது, எல்லாம் தனி. ஞாயித்துக்கிழமைக்கு டபுள். நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து போட்டுக்கினு வா."

மண்ணாங்கட்டி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, முருகையனைக் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அம்மாவுக்கு மொதல்ல செட்டில் பண்ணுங்கண்ணே. அப்பறமா நான் வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் முருகையனே அடுப்படியில் இறங்கினார். போனில் வீடியோ ஓட, அவர் பின்னால் ஓடினார். முதல் நாள் சாம்பாரைக் கத்தியால் வெட்டிப் பரிமாற வேண்டியிருந்தது. அடுத்த நாள் ரசம் வைத்தார். அது ரசமாகவே வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. ஆயம்மா சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்குது" என்றாள். நாற்பது பேரை மேய்த்த சூப்பர்வைசருக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆயம்மாவோ தினமும் பத்து மணிக்குப் புடவை மாற்றி, தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"எங்க போற?"

"ரிட்டயர் ஆனவ வூட்லயே எப்படி உக்கார்றது? நாலு வூட்டுக்குப் போய்ப் பேசிட்டு வரேன். நீ டீக்கடைக்குப் போறியே, நான் எதுனா கேட்டனா?"

முருகையன் சின்னக்கண்ணுவைப் பஞ்சாயத்துக்கு அழைத்தார். சின்னக்கண்ணு மீசையை நீவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் நீ குடுக்கற எடம், முருகையா. அக்கா, கோச்சிக்காதீங்க. இந்தப் பேச்சை எங்கூட்டுச் சந்திரகலாகிட்ட வந்து பேசிப் பாருங்க. ஒரே பேச்சுல வாய மூடிடுவா."

"அப்படியா? சரி, நாளைக்கு வரேன்" என்றாள் ஆயம்மா.

மறுநாள் மாலை சின்னக்கண்ணு மீசையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் காலி தூக்குச்சட்டி இருந்தது.

"முருகையா, குழம்பு எதுனா இருக்குதா?"

"சந்திரகலா?"

"ரெத்ரேத் ஆயிட்டா."

அந்த வாரம் தெரு முழுக்க ரெத்ரேத் பரவியது. ஆயம்மா எந்த வீட்டில் பேசிவிட்டு வந்தாளோ, அந்த வீட்டில் மறுநாள் புகை கிளம்பும். புருஷன் தோசை சுடுகிறான் என்று அர்த்தம். வியாழக்கிழமை காலை முருகையன் வீட்டு வாசலில் ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் கட்டு இருந்தது. இன்னொருவர் சட்டையை இஸ்திரியில் தீய்த்துக்கொண்டு அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உன் வூட்லதான் ஆரம்பிச்சுது. நீதான் முடிக்கணும்."

"அவ கேக்கறத குடுத்துத் தொலைய்யா!"

முருகையன் நண்பரின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு மனைக்குப் பணம் கட்டணுமே, சின்னக்கண்ணு?"

"கடல்ல கெடக்கற கல்லு கடல்லயே கெடக்கட்டும். எனக்குச் சோறு வேணும்" என்றார் சின்னக்கண்ணு.

ஆயம்மா கேட்டது ஒன்றுதான். பணம் முழுவதும் போஸ்ட் ஆபீஸில், இரண்டு பேர் பெயரிலும் இருக்க வேண்டும்; இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே வரக் கூடாது. முருகையன் போய்க் கட்டினார். கடல் காற்று, மாடி வீடு, மாடியில் ஊஞ்சல் எல்லாம் போஸ்ட் ஆபீஸ் ஜன்னலுக்குள் போய்விட்டன. இருந்தாலும் வரும் வழியில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அவள் கையால் மீன் குழம்பு.

"போட்டாச்சு. பாஸ்புக் இந்தா. எந்திரி, கொழம்பு வை."

ஆயம்மா பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா கேட்டியே! ரெத்ரேத் வாங்கினவங்க யாராவது மறுபடியும் அதே வேலைக்குப் போவாங்களா? உன்ன இப்போ பிஸ்கட் கம்பெனியில கூப்ட்டா போவியா?"

"அப்போ நான் பணம் போட்டது எதுக்கு?"

"நான் ரிட்டயர் ஆனதுக்கு." பையைத் தோளில் மாட்டினாள். "புளிய கம்மியா ஊத்து. சாயங்காலம் வந்துடறேன்."

முருகையனுக்கு வந்த ஆத்திரத்தில் மீனை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். இத்தனைக்கும் காரணமானவள் அந்தச் சர்வேக்காரி. அவளைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்காவிட்டால் தூக்கம் வராது. மதாமிடம் விசாரித்தார். ஆராய்ச்சி ஆபீஸ் கோரிமேட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் இருக்கிறதாம். பஸ் ஏறினார். போகும் வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனார்.

மாடியில் மேற்பார்வையாளர் கலைமகள் என்ற இளம்பெண் எழுந்து வணக்கம் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். முருகையன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்தினார்.

"முதலியார்பேட்டையில எங்க தெருவுக்கு சர்வேன்னு வந்து, குடும்பப் பொம்பளைங்களுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டுப் போனாளே, அவ யாரு? கூப்பிடுங்க வெளிய! ஒரு வாரமா நான் அடுப்புல வேகறேன். தெருவே வேகுது! என் பணம் போச்சு, மனை போச்சு, வூட்ல மீன் கழுவாம கெடக்குது!"

"கோவப்படாதீங்க சார். எந்தத் தெரு?"

முருகையன் தெருப் பெயரைச் சொன்னார். கலைமகள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அங்க நாங்க வெளியாள் யாரையும் அனுப்பல சார். அந்தத் தெருவுலயே குடியிருக்கற ஆயம்மான்னு ஒருத்தங்க போன மாசம் எங்ககிட்ட வேலைக்குச் சேந்தாங்க, அவங்கதான் எடுக்கறாங்க. வீட்ட விட்டுட்டு தெனமும் வர முடியுமாம்மான்னு கேட்டதுக்குக்கூட, அதெல்லாம் கவலையில்ல, சமையலுக்கு இப்பதான் ஒருத்தர் ரிட்டயர் ஆயி வந்திருக்காருன்னு சொன்னாங்களே!"