அம்மிக் கொத்து வாசல்

எங்கள் வீட்டுக்கு யாராவது முதல் முறையாக வந்தால் நான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு அடி வைத்ததும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். பிறகு தரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு எத்தனையோ பெருமை உண்டு. எங்கள் வீட்டுக்கு இருப்பது இந்த ஒன்றுதான், அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

இந்தத் தரையைப் போடும் யோசனை வந்தபோது என் மகள் மகிழினிக்குப் பதினைந்து மாதம். மகி தவழ்வாள். சாதாரணத் தவழல் இல்லை. நான் ஹாலிலிருந்து அடுப்படிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் அவள் தவழ்ந்து போய் பருப்பு டப்பாவைக் கவிழ்த்து முடித்திருப்பாள். ஆனால் நடக்க மாட்டாள். நிற்க வைத்தால், ஏதோ அவமானம் செய்துவிட்ட மாதிரி காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் காலையும் முதுகையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, அவளே நடப்பா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். (கடைசி வரி வைத்தியமா, திட்டா என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தேன்.)

சும்மா இருக்க விட்டால்தானே? என் கணவருடைய அக்கா தஞ்சாவூரில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாரம் தவறாமல் போன் வரும்.

"என்ன வித்யா, நடக்கிறாளா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"ம். எங்க ஹரி ஒம்பது மாசத்துல நடந்தான்."

"சொல்லியிருக்கீங்க அண்ணி."

"நடந்தான்னா என்ன, ஓடினான்."

அந்த ஹரி இப்போது காலேஜ் படிக்கிறான். தெருமுனைக் கடைக்குப் போகவும் பைக் எடுக்கிறான். இதை அண்ணியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

படித்தவள் சும்மா கவலைப்பட மாட்டாள், காரணம் கண்டுபிடித்துக் கவலைப்படுவாள். நான் கண்டுபிடித்த காரணம் டைல்ஸ். எங்கள் வீட்டுக்குள் முழுக்க வழவழவென்று டைல்ஸ். நானே ஈரக்காலோடு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். பிஞ்சுக் கால் எப்படி ஊன்றும்? சரி, வெளியே விடலாம் என்றால் கேட்டிலிருந்து வாசற்படி வரை வெறும் மண். ஒரு மழை பெய்தால் சேறு. ஆக, என் மகளுக்குத் தேவை காலுக்குப் பிடிப்புள்ள ஒரு தரை. வாசலுக்குக் கருங்கல் பாவிவிட்டால் அவள் நடந்துவிடுவாள். இதை என் கணவரிடம் சொன்னேன்.

"சிமெண்ட் போட்டுரலாமே" என்றார்.

"சிமெண்ட்ல விழுந்தா அடிபடுமேங்க."

"கல்லுல விழுந்தா?"

"கல்லுல விழ மாட்டா. பிடிப்பு இருக்கும்."

அந்த வருடம் மகிக்குக் காதுகுத்து வைப்பதாக இருந்தோம். வாசலில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் செய்வதாகப் பேச்சு. அவர்கள் முன்னால் சேறு இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தாரோ என்னவோ, "சரி, நீயே ஆள் பார்த்துச் செய்" என்றார். கல்யாணமாகி முதல் தடவையாக ஒரு வேலை முழுக்க என் கையில் வந்தது. அன்றைக்கே நாலு பேரிடம் காண்டிராக்டர் நம்பர் கேட்டு வாங்கினேன்.

நான் பிடித்த காண்டிராக்டர் பெயர் அன்பு. மருங்காபுரிப் பக்கத்துக்காரர், திருச்சியில் வேலை எடுத்துச் செய்கிறவர். போனில் படம் காட்டினார். ஏதோ வெளிநாட்டு வீடு. கோணல்மாணலான பலகைக் கற்களைச் சேர்த்து நடைபாதை, சுற்றிலும் பச்சைப் புல், நடுவில் ஒரு வெள்ளை நாய்.

"இதே மாதிரி வருமா?" என்றேன்.

"நாய் மட்டும் நீங்க வாங்கிக்கணும் மேடம். மத்ததெல்லாம் செஞ்சிரலாம்."

'செஞ்சிரலாம்' என்பதுதான் அன்புவின் சொல். மனிதர் வாயில் 'முடியாது' என்ற வார்த்தையே வராது. ஒவ்வொன்றையும் ஏழு முறை மாற்றி யோசிக்கும் எனக்கும், எதைச் சொன்னாலும் செஞ்சிரலாம் என்கிற அவருக்கும் நடுவில் ஒரு நிதானமான ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் தினமும் காலையில் ஆபீசுக்குப் போய்விட்டார்.

கேட்டிலிருந்து வாசற்படி வரை நடைபாதை, வேப்பமரத்தடியில் உட்கார ஒரு தளம் என்று முடிவானது. மாதிரிக்கு ஒரு கல் கொண்டுவந்து போட்டார். அழகான கல். மேலே லேசாகக் கொத்தியிருந்தது. நான் அதன்மேல் தண்ணீர் ஊற்றி நின்று பார்த்தேன். வழுக்கவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி நின்று பார்த்தேன். அப்போதும் வழுக்கவில்லை. உள்ளே போய் நல்லெண்ணெய் எடுத்துவந்து ஊற்றினேன்.

"மேடம், வாசல்ல யாரு மேடம் எண்ணெய் ஊத்துவா?"

"கார்த்திகைக்கு விளக்கு வைப்போம்ல. சிந்துச்சுன்னா?"

அன்புவையே ஏறி நிற்கச் சொன்னேன். நின்றார். லேசாக வழுக்கியது. அவர் கையை விரித்துச் சமாளித்ததைப் பார்த்ததும் என் கண்ணுக்கு அங்கே அன்பு தெரியவில்லை, மகி தெரிந்தாள்.

"இது போதாதுங்க."

"இது படிக்கட்டுக் கொத்து மேடம். இதுக்கு மேல வேணும்னா அம்மிக் கொத்துதான். எது போடட்டும், படிக்கட்டுக் கொத்தா, அம்மிக் கொத்தா?"

இந்த இடத்தில்தான் நான் நிதானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 'படிக்கட்டு' என்ற சொல் காதில் விழுந்ததுமே என் மனசுக்குள் குழந்தை உருள ஆரம்பித்துவிட்டது. அம்மியைப் பாருங்கள், அது பாட்டுக்குக் கிடந்த இடத்தில் கிடக்கும். அம்மியிலிருந்து யாரும் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"அம்மிக் கொத்தே போடுங்க" என்றேன்.

(அம்மியில் எதற்காகக் கொத்துகிறார்கள்? மிளகாயும் மஞ்சளும் வழுக்காமல் சிக்கி, நசுங்கி, அரைபட. இது எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?)

வேலை ஆரம்பித்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை உளிச் சத்தம். நான் ஒவ்வொரு கல்லாக விரலால் தடவிப் பார்த்து, "இந்த ஓரம் கொஞ்சம் வழுவழுன்னு இருக்கே" என்பேன். அன்பு தன் ஆளைப் பார்த்து, "மேடம் சொல்றாங்கல்ல, இன்னும் ரெண்டு போடு" என்பார். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், இதுல நடக்கத்தானே போறீங்க? வேற ஒண்ணும் அரைக்கிற ஐடியா இல்லையே?"

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் வேலையைத் தொடர்ந்தோம்.

எங்கும் கல் சில்லு கிடந்ததால் நாங்கள் எல்லோருமே செருப்புப் போட்டுத்தான் நடந்தோம். பாவி முடித்த பிறகும் நனைத்து நனைத்துக் காயவிட்டதால் மகியை இறக்கவே இல்லை. பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. சாம்பல் நிறத்தில், ஒன்றுக்கொன்று வாகாக அணைந்து, இடுக்கில் புல் வைத்து, படத்தில் இருந்தது போலவே இருந்தது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'நானே நின்று செய்தது' என்று கீழே எழுதினேன். எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். அண்ணி மட்டும் 'சூப்பர். நடந்தாளா?' என்று போட்டார்.

காதுகுத்து அன்று அண்ணியே பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. விருந்தெல்லாம் ஆன பிறகு, எல்லோர் முன்னிலையிலும் மகியை அந்தத் தளத்தில் நிற்க வைப்பேன். பிடிப்பு கிடைத்ததும் நடப்பாள்.

அந்த நாள் வந்தது. விசேஷ வீடு, ஆகவே கேட்டிலேயே செருப்பைக் கழற்றினார்கள். முதலில் வந்தவர் எதிர்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். இரண்டு அடி வைத்தார். நின்றார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கோழி மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து வந்து சேர்ந்தார். "குழந்தைக்காக ஏதாவது வேண்டுதலாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஒரு அடி வைத்துப் பார்த்தேன். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அதற்குள் வேன் வந்து நின்று, ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. பந்தலுக்குள் வந்த அத்தனை பேரும் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பட்டுப்புடவைக் கரைகள் கல்லில் மாட்டி இழுத்தன. தாம்பூலத் தட்டோடு வந்த ஒரு சித்தி நடுவழியில் நின்று, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல், யாராவது வந்து கூட்டிப்போகும் வரை அப்படியே இருந்தார். என் கணவர் ஓடிப்போய் இருக்கிற ஜமுக்காளத்தையெல்லாம் கொண்டுவந்து விரித்தார். பாதித் தூரத்துக்குத்தான் காணும். ஒரு ஓரத்தில் சமையல் மாஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடைபாதையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "நல்ல கல்லும்மா. எங்க வாங்குனீங்க?" என்றார். அன்று என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அண்ணி வந்தார். ஜமுக்காளம் முடிந்த இடத்தில் காலை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

"வித்யா, இது என்ன கல்லு?"

"கருங்கல்லு அண்ணி."

"அது தெரியுது. வாசல் முழுக்க ஏன் அம்மியைப் போட்டு வெச்சிருக்கே?"

பந்தலே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது சிரிப்பைவிட மோசம். முதல் தடவையாக என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள், நான் அதை இப்படிக் கொத்தி வைத்திருக்கிறேன். உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. (ஓடுகிற தரையாக இருந்தால் ஓடியிருப்பேன்.)

நல்ல நேரம் போய்விடும் என்று என் தம்பி மகியை மடியில் வைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். தாய்மாமன் மடி. உட்கார்ந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஜமுக்காளத்தையும் தாண்டிக் கல் தன் வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆசாரி காது குத்தினார். மகி அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. இரண்டாவது காதும் ஆனதும், அவள் மாமன் கையை உதறிவிட்டு, ஜமுக்காளத்திலிருந்து இறங்கி, வாசற்படியருகே நின்ற என்னை நோக்கித் தவழ ஆரம்பித்தாள்.

வழக்கமான வேகத்தில் இரண்டு தவழல். அப்புறம் நின்றுவிட்டாள். அழுகையும் நின்றுவிட்டது. ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணி பார்த்த பார்வையே தேவலை.

நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். என் புடவைக் கரை கல்லில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. "யாராவது தூக்குங்களேன்" என்கிறேன். எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள், யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

மகி இரண்டு கையையும் ஊன்றினாள். பின்பக்கத்தைத் தூக்கினாள். மெதுவாகக் கையை விட்டு நிமிர்ந்தாள். ஆடினாள், ஆனால் வழுக்கவில்லை. அந்தக் கல்லில் எதுவும் வழுக்காது. அதற்கு நான் உத்தரவாதம். கையும் முட்டியுமாக நாலு இடம் குத்துவதற்கு ரெண்டு பாதம் மட்டும் குத்தட்டும் என்று கணக்குப் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். (கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள் மகள்.) வலது காலை எடுத்து வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். இடது காலை வைத்தாள். சிரிப்பு இல்லை, விளையாட்டு இல்லை. ஒரு கஷ்டமான வேலையை முடித்துவிட்டு என்னைப் பதில் சொல்ல வைக்கப்போகிறவள் மாதிரி நேராக நடந்து வந்து, என் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.



"நடந்துட்டா" என்றார் அண்ணி. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு தன் குரல் திரும்ப வந்து, "அடியே, கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மி மிதிச்சுட்டா" என்றார். மறுபடி பந்தல் சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

சாப்பாட்டுக்கு அழைத்திருந்த அன்பு இலையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். கையில் சாம்பார் சாதத்தோடு, "நான்தான் சொன்னேன்ல மேடம், செஞ்சிரலாம்னு" என்றார். என் கணவர் குனிந்து, கல்லில் மாட்டியிருந்த என் புடவைக் கரையை மெதுவாக எடுத்துவிட்டார். "பிடிப்பு இருக்குதான்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அன்பு போன் செய்தார். மெஷின் வைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்கித் தருகிறாராம். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். நான் என் வழக்கப்படி இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்றேன். பிறகு மாற்றிக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மகிக்கு இப்போது நாலு வயது. எல்லோரும் தாண்டித் தாண்டி வரும் வாசலில் அவள் வெறுங்காலோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மணமேடையில் பெண் அம்மி மிதிக்கும் நேரம் வந்ததும் எங்கள் சொந்தக்காரர்கள் மொத்தமும் திரும்பி மகியைப் பார்க்கிறார்கள். யாராவது ஒருவர், "இவளுக்கு இந்தச் சடங்கு ஆயிருச்சு" என்பார். மகி பெருமையாகத் தலையாட்டுவாள். நானும்தான்.

போன மாதம் அண்ணி போன் செய்தார். அவருடைய நாத்தனார் பேரனுக்கு ஒன்றேகால் வயது ஆகிறதாம். நல்லாத் தவழ்கிறானாம்.

"நடக்க மட்டும் மாட்டேங்கிறான் வித்யா. டாக்டர் ஒண்ணுமில்லங்கிறார். ரெண்டு நாளைக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமான்னு அவங்கம்மா கேக்குறா."

"தாராளமா வாங்க அண்ணி."



"நாங்க செருப்புப் போட்டுக்கலாம்ல?"

"பெரியவங்க போட்டுக்கலாம் அண்ணி" என்றேன்.