அளவு தப்பிய கோட்டு

திரையில் விழும் எந்தப் பிணத்துக்கும் பத்தே நிமிடத்தில் கொலைகாரனைப் பிடித்துத் தரக்கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். பென்னாகரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையற்கடை வைத்திருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘தீர்ப்பு பாய்’. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் படம் பார்க்கும் முறையே தனி. டென்ட் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். எவன் வரும்போது பின்னணியில் பிடில் இழுக்கிறதோ, எவன் தேவைக்கு மேல் இருமுகிறானோ, அவன் பெயரைச் சொல்லிவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. துப்பறியும் படம் வந்தால் முதல் நாள் பாய்க்கு டிக்கெட் தரக் கூடாது என்று கொட்டகை முதலாளி உத்தரவே போட்டிருந்தார்.

எண்பதுகளில் நான் அங்கே வங்கி குமாஸ்தா. கல்யாணமாகாத நாலு பேர் சேர்ந்து ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தோம். நல்ல சினிமாவை ஊருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று எங்களுக்கு ஒரு வெறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்து ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, மெட்ராஸிலிருந்து வந்த வெளிநாட்டு மௌனப் படம் ஒன்றைப் போட்டோம். பனிமூட்டம், பழைய மாளிகை, ஒரு கொலை. ஆரம்பித்த அடுத்த நொடியே மண்டபம் முழுக்க ‘சவுண்டு, சவுண்டு’ என்று கத்தியது. இது பேசாத படம், எழுத்து வரும்போது நான் தமிழில் படித்துச் சொல்வேன் என்று கெஞ்சி உட்காரவைத்தேன். திரையில் ஒருவன் மாடிப்படி ஏறினான். அவன் ஏறி முடிப்பதற்குள் ஒகேனக்கல் பஸ் போய்த் திரும்பியிருக்கும்.

நான் பார்த்ததெல்லாம் பாயைத்தான். வழக்கம்போலக் கண்ணை மூடினார். காதுக்கு ஒன்றும் கிடைக்காமல் திறந்தார். பத்து நிமிடம் போயிற்று, அரை மணியும் போயிற்று, தீர்ப்பு வரவில்லை. பின்வரிசையில் ‘பாய் அவுட்டு’ என்று சிரித்தார்கள். இத்தனை வருடத்துப் பேர் போகிறதே என்று எனக்கே கவலையாகிவிட்டது. பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் போட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஐந்தாவது ரீல் முடியும்போது எழுந்தார்.

“செத்தவனோட தம்பிக்காரன்தாங்க. அவன் போட்டிருக்கிற கோட்டு அவனுக்குத் தச்சதில்லைங்க. தோளு ஒரு இஞ்சு எறங்கி நிக்குது. அண்ணங்காரன் கோட்டுங்க அது.”

நாங்கள் பரபரப்பாகக் கடைசி ரீலை மாட்டினோம். வந்தது, நிலக்கடலைப் பூச்சிக்கு மருந்தடிப்பது எப்படி என்ற அரசாங்கப் படம். டப்பா மாறி வந்திருந்தது. அதுவரை தூங்கிய விவசாயிகள் அதற்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் சவுண்டும் இருந்தது.

பாய் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அதுதான் அவரை அரித்தது. மெட்ராஸுக்கு நான் நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. எனக்குப் பேன்ட் அளவெடுக்கும்போதெல்லாம் டேப்பை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரீல் வந்ததா என்று கேட்பார். பதில் சொன்னால்தான் இடுப்பை விடுவார். நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“தெரிஞ்சா ஒரு கார்டு போடுங்க சார். தப்புன்னாலும் போடுங்க.”

போன வாரம் மகளின் கம்ப்யூட்டரில் அந்தப் படம் முழுசாகக் கிடைத்தது. மாடிப்படிக் காட்சியிலேயே மகள் எழுந்து போய்விட்டாள். நான் பாய் மாதிரியே மூக்கைத் திரையருகில் கொண்டுபோய் உட்கார்ந்து பார்த்தேன். தம்பிக்காரனின் தோள் நிஜமாகவே ஒரு இஞ்சு இறங்கித்தான் நிற்கிறது. ஆனால் அவன் அப்பாவி. கொலைகாரன் குடும்ப டாக்டர்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இருந்தாலும் கேட்ட கார்டை எழுதி வைத்திருக்கிறேன். ‘பாய், உங்கள் தீர்ப்பில் தப்பில்லை. தப்பு அந்தக் கோட்டைத் தைத்த சீமைத் தையல்காரனுடையது.’