இரண்டு பக்கமும் இரண்டரை

"என்னங்க, கதவு சின்னதா இருக்கே!"

"கதவு சின்னதா இல்ல. வாசல் பெரிசா இருக்கு," என்றார் டெய்லர், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

சம்பந்தி வீட்டு மரப்பட்டறையிலிருந்து வண்டிக்காரர் அப்போதுதான் கொண்டுவந்து, உள்ளறை வாசலின் ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்த கதவு அது. தேன் நிறத்தில் வழுவழுவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஆனால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினால், மறுபக்கம் ஒரு பூனை குடும்பத்தோடு போய்வர இடம் இருந்தது.

டெய்லர் எழுந்தார். கழுத்தில் கிடந்த டேப் தானாகக் கைக்கு வந்தது. வாசல் முப்பத்தாறு அங்குலம். கதவு முப்பத்தொன்று. இன்னொரு தரம் அளந்தார். அவர் எதையும் இரண்டாம் தரம் அளந்ததை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

தெருவில் அவருக்கு 'ஒரேயளவார்' என்று பெயர். ஒருவர் மேல் ஒரு தடவை டேப் வைத்தால் வைத்ததுதான். போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி தைக்கிற பேச்சே அவர் கடையில் கிடையாது. இதைத் தெருவே சொல்லவேண்டிய அவசியமும் கிடையாது. அவரே சொல்லிவிடுவார்.

அவர் வீட்டில் முன்கூடம் கடை. உள்ளறை, துணியைப் போட்டுப் பார்க்கிற இடம். நடுவில் வாசல் என்று பெயருக்குச் சுவரில் ஒரு திறப்பு. பதினெட்டு வருஷமாக அதில் தொங்கியது ஒரு பச்சைத் திரை. வந்தவர்கள் ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேன்ட் மாட்டுவார்கள். போன மாதம் சம்பந்தி சட்டை போட்டுப் பார்க்க வந்தார். மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. திரை ஒரு பக்கம் போனது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்மணிகளும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"சம்பந்தி, நான் ஒரு கதவு பண்ணித் தரேன்," என்றார் அவர், உள்ளிருந்தே. "வாசல் அளவை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நான் வேணா ஆளை அனுப்பி அளந்துக்கறேன்..."

"ஆள் எதுக்கு? நான் அளந்தா அளந்ததுதான்."

சம்பந்தி சிரித்தார். "துணின்னா இழுத்து விட்டுக்கலாம். மரம் அப்படி வராது சம்பந்தி."

அந்தச் சிரிப்பு டெய்லருக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை. மகள் வாழ்க்கைப்பட்ட வீடு. அங்கே இவர் அளவு தப்பிவிட்டால், அது அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக் கதையாகி, பேரன் பேத்தி காலம்வரை ஓடும். அதனால்தான் எழுத்துப் பிசகாமல் எழுதி, மடித்து, மருமகன் கையில் கொடுத்தனுப்பினார்.

இப்போது ஐந்து அங்குலம் குறைகிறது.

"போன் பண்ணிக் கேட்டுடலாமா?" என்றாள் மனைவி.

"என்னன்னு? நான் எழுதினது தப்பா, நீங்க செஞ்சது தப்பான்னா? ரெண்டுல எது ஆனாலும் எனக்குத்தான் அசிங்கம்."

அளவு நோட்டை எடுத்துப் புரட்டினார். கதவுக்குச் சீட்டு எழுதின அதே நாள், அதே நேரம், கணக்கு வாத்தியாருக்குப் பேன்ட் அளவு எடுத்திருந்தார். இடுப்பு, முப்பத்தொன்று.

டெய்லர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"சீட்டுல வாத்தியார் இடுப்பை எழுதிட்டேன்டி."

மனைவி கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அப்ப வாத்தியாருக்கு வாசல் அளவுல பேன்ட் தெச்சீங்களா?"

"அது சரியாத்தான் இருந்துது. போட்டுக்கிட்டுதானே போனார்."

"கதவு உயரத்துலயும் ரெண்டரை இஞ்சு குறையுதே. அதுவும் வாத்தியாரோடதா?"

"மரம் காஞ்சா சுருங்கும்."

"ரெண்டரை இஞ்சா?"

"நல்ல மரம்னா நல்லாச் சுருங்கும். நீ உள்ள போய் வேலையைப் பாரு."

அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்து கதவை மாட்டுவதாக ஏற்பாடு. ஆறு நாள் இருக்கிறது. டெய்லர் எழுந்து, வாசலுக்கு நேராக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தொளதொளவென்று சட்டை போட்டவரைப் பார்க்கிற அதே பார்வை. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"லூஸா இருந்தா என்ன பண்ணுவோம்?"

"என்ன பண்ணுவோம்?"

"பிடிப்போம்! இந்தப் பக்கம் ரெண்டரை, அந்தப் பக்கம் ரெண்டரை. உயரம் ஜாஸ்தின்னா கீழ மடிச்சு அடிப்போம். ஒரு படி கட்டினாப் போச்சு."

"சுவரை யாராவது பிடிப்பாங்களா?"

"அளவு தெரிஞ்சவன் எதையும் பிடிப்பான்."

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை விட்டார். தூசு படக்கூடாது என்று, துணி வெட்டுகிற பெரிய மேசையை முதலில் உள்ளறைக்குள் தள்ளி, மேலே போர்வையைப் போர்த்தினார். இரண்டு மரப்பட்டைகள் வாங்கிவந்து வாசலின் இரண்டு பக்கமும் வைத்து ஆணி அடித்தார். முதல் ஆணி உள்ளே போனது. இரண்டாவது ஆணி, முதல் ஆணியை வெளியே அனுப்பியது. மூன்றாவதற்குச் சுவரின் பூச்சே ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விடுவாரா? மறு பக்கத்திலும் அடித்தார். அதுவும் வந்தது.

மனைவியே டேப்பை எடுத்து அளந்தாள். "முப்பத்தெட்டரை."

"சரி."

"பிடிக்கிறேன்னீங்க. தெச்சதையே பிரிச்சு விட்டுட்டீங்க."

எதிர்வீட்டு ஜன்னல் அன்று பூராவும் திறந்தேதான் இருந்தது. என்ன சத்தம் என்று கேட்டதற்கு, "சின்ன ஆல்டரேஷன்," என்றார் டெய்லர். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டுத் தெரு திகைத்துப்போனது.

புதன்கிழமை கொத்தனார் வந்தார். உடைந்த வாசலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தப் பய சார் இதுல கைய வச்சான்?" என்றார்.

"அதை விடுங்க. ரெண்டு பக்கமும் கட்டி ஏத்தணும். கீழ ஒரு படி. அளவெல்லாம் நான் கோடு போட்டே குடுத்துடறேன். நீங்க கோட்டைத் தாண்டாம இருந்தா போதும்."

"ஜன்னலுக்கு அளவு சின்னதாக்குங்கன்னு கூப்பிடுவாங்க. வாசலுக்கு யாரும் கூப்பிட்டதில்ல."

"உங்களுக்கும் ஒரு அனுபவம் ஆச்சுல்ல."

தையல் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார் டெய்லர். தரையில் அவர் போட்ட கோட்டைக் கொத்தனாரே மெச்சினார். நூல் பிடித்தாற்போல அவ்வளவு நேர். சாயங்காலம் வேலை முடிந்தது. கொத்தனார் கைகழுவிக்கொண்டு போனார். சிமெண்ட் ஈரத்தின் மேல் டெய்லர் பெருமையாக ஊதிக்கூடப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் கதவைக் கொண்டுபோய் வைத்தால், கதவு உள்ளே போகமாட்டேன் என்றது.

இருபத்தொன்பது அங்குலம்.

"கொத்தனாரே, என்னய்யா கட்டியிருக்கீங்க?" ஆள் அனுப்பி வரவழைத்த கையோடு சண்டையை ஆரம்பித்தார்.

"கோடு போட்ட வரைக்கும் கட்டியிருக்கேன். அழியல, நீங்களே பாருங்க."

டெய்லர் குனிந்து பார்த்தார். ஒரு பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டிருந்தார். இரண்டரைதானே வேண்டும், மீதி ஒரு அங்குலம் எங்கேயிருந்து வந்தது? நாற்பது வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்குச் செய்திருக்கிறது.

"தையலுக்கு விட்டிருக்கேன்," என்றார் சன்னமாக.

"என்னது?"

"எந்தத் துண்டை வெட்டினாலும் தையலுக்குன்னு ஒரு இஞ்சு சேர்த்து விடுவோம்."

கொத்தனார் கோட்டை ஒரு தரம், டெய்லரை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "செங்கல்லுக்கு ஓரம் அடிக்கமாட்டாங்க சார்," என்றார், வைத்தியர் நோயாளியிடம் பேசுகிற குரலில்.

மறுபடி கொத்த ஆரம்பித்தார். அப்போதுதான் டெய்லருக்கு உள்ளே தள்ளின வெட்டு மேசை ஞாபகம் வந்தது. மேசையின் அகலம் முப்பத்துநாலு. நேராக இழுத்தார்கள்; வரவில்லை. ஒருக்களித்து இழுத்தார்கள், இரண்டு கால் வெளியே வந்து, மூன்றாவது கால் சுவரைக் கட்டிக்கொண்டது. காலைக் கழற்றலாம் என்றால், அந்தக் காலத்தில் அடித்த மேசை, அதில் கழற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. மேசை உள்ளே, மேசைக்காரர் வெளியே. வெள்ளிக்கிழமை அவர் கூடத்துத் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டியதைப் பார்த்த கணக்கு வாத்தியார், "ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்.

"முதுகுக்கு நல்லதாம்," என்றார் டெய்லர். சொல்லும்போதே கண் வாத்தியாரின் இடுப்புக்குப் போய், அங்கேயே கொஞ்சம் கோபமாக நின்றது. வாத்தியார் காரணம் புரியாமல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

கீழே கட்டின படி தன் பங்குக்கு வேலையைத் தொடங்கியிருந்தது. இரண்டரை அங்குலம் என்பது பார்த்தால் படி என்று தெரியாது, இடித்தால்தான் தெரியும். மனைவி இரண்டு தரம் இடித்துக்கொண்டாள். மூன்றாம் தரம் கையில் இருந்த காப்பி, வாத்தியாருக்கு அடுத்து வந்தவர் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டைத் துணியில் போய்ச் சேர்ந்தது.

"உங்க கவுரவத்துக்கு இன்னும் எத்தனை கால் வேணும்?" என்றாள், கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அவர் வாயால ஒரு வார்த்தை. 'சம்பந்தி, உங்க அளவு அளவுதான்'னு. அது போதும் எனக்கு."

இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க மனைவியே உப்புத்தாளை எடுத்து, சுவர் ஓரத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். இவர் அளப்பார், அவள் தேய்ப்பாள். சாயங்காலம் வாசல் முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் உட்கார இடமில்லை. டெய்லர் தெருவில் பாதிப்பேரைக் கூப்பிட்டிருந்தார். மீதிப்பேர் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் முன் வரிசையில்.

சம்பந்தி காதில் பென்சிலோடு வந்தார். நேராக உள்ளறை வாசலுக்குப் போனவர், படியில் இடித்துக்கொண்டு நொண்டியபடி நின்றார். வாசலின் இந்த ஓரத்தைத் தடவினார். அந்த ஓரத்தைத் தடவினார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். முகம் என்னவோபோல ஆனது.

"சம்பந்தி, இந்த வாசல்..."

"பாருங்க, நல்லாப் பாருங்க! எத்தனை தரம் வேணா அளங்க. நான் ஒரு தரம்தான் அளந்தேன்."

"இல்ல, நான் என்ன கேக்கறேன்னா..."

"கேள்வியே வேணாம். வச்சுக் காட்டறேன் பாருங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு தூக்கப்பட்டுவிட்டது. இரண்டு பேரும் அதை வாசலுக்கு நேராகப் பிடித்து, படிமேல் வைத்து, மெதுவாகத் தள்ளினார்கள். 'சுக்' என்று ஒரு சத்தம். கதவு போய் உட்கார்ந்தது.

கையை எடுத்தார்கள். விழவில்லை. கீல் இல்லாமல், ஆணி இல்லாமல், முட்டு இல்லாமல் அப்படியே நின்றது. ஓரத்தில் ஒரு காகிதம் நுழைய இடம் கிடையாது. கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். வாத்தியார் எழுந்து நின்றே தட்டினார்.

டெய்லர் டேப்பைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசாகவும் இருக்கலாம். ஒரு வாரத்து முதுகுவலி அந்த மனுஷனை விட்டு அந்த நிமிஷம் போய்விட்டது.

"துணின்னா இழுத்து விட்டுக்கலாம், மரம் வராதுன்னீங்களே சம்பந்தி. இப்ப என்ன சொல்றீங்க?"

சம்பந்தி பென்சிலால் தலையைச் சொறிந்தார். கதவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "என் தொழில்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல சம்பந்தி," என்றார் கடைசியில்.

"இதைத்தான்யா கேக்கணும்னு இருந்தேன்!" என்று டெய்லர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போது தெருப்பக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பழந்துணி சுற்றிய நீள நீள மரச்சட்டங்களைத் தோளில் தாங்கியபடி வண்டிக்காரர் உள்ளே வந்து கேட்டார்: "டெய்லரய்யா, கதவைச் சுத்தி வர்ற நிலை இது, பாலிஷ் காயலன்னு பின்தங்கிடுச்சு, நீங்க சீட்டுல எழுதின முப்பத்தாறுக்கு, பக்கத்துக்கு ரெண்டரைன்னு மயிரிழை பிசகாம அடிச்சிருக்கோம், எங்கய்யா நிறுத்தட்டும்?"